லைட் உள்ளதையே வாங்கிவிட்டோம், மதினி

என் அண்ணனைவிட எனக்கு நெருக்கமாக இருந்த சோலையம்மாள் மதினிக்கு,

முதலில் நல்ல செய்தி. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். நான் தோற்றுப்போனேன். ஊர் அறியத் தோற்றுப்போனேன், அதுவும் நானே எழுந்து நின்று என் வாயால் சொல்லி. தீபாவளி ஆர்டரை முடித்துக் கடைசி லோடு ஏற்றி அனுப்பிய சாயங்காலங்களில்கூட இவ்வளவு சந்தோஷமாக நான் வீட்டுக்கு நடந்ததில்லை.

நம் ஊர் நூலகர் விஜயா மேடம், "உங்க மதினியப் பத்தி ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்க" என்று கேட்டார். உங்களைப் பற்றி ஊராரிடம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? சொல்ல வேண்டியதெல்லாம் உங்களிடம்தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளட்டும். கம்பெனி வண்டியிலும் அப்படித்தானே, நாம் இரண்டு பேர் பேசினால் இருபது பேர் கேட்பார்கள்.

நீங்கள் இருந்தவரை ஒரு தடவைகூட "நான் சொன்னது தப்பு" என்று உங்களிடம் நான் ஒத்துக்கொண்டதில்லை. நாத்தனாராகப் பிறந்தவள் அதையெல்லாம் செய்யலாமா? நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பேன். நீங்கள் சண்டைக்கே வரமாட்டீர்கள். "சரி ஈசு, மூணு கால்தான். கழுவி அடுப்புல வையி" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பீர்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும்.

கேட்பவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்த கதையைக் கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் திரி அறுக்கிற ரூம், நான் பெட்டி ஒட்டுகிற ஷெட். ஒரே பட்டாசுக் கம்பெனி, ஒரே வண்டி. காலை ஐந்தரைக்கு அம்மன் கோயில் முக்கில் ஏறினால், இன்னும் இரண்டு ஊர்களில் ஆள் ஏற்றிக்கொண்டு, வெம்பக்கோட்டையைத் தாண்டிக் கம்பெனி கேட்டில் இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் வண்டியே தூங்கும். நீங்கள் மட்டும் மாத நாவல் படிப்பீர்கள். பழைய வண்டியில் உங்கள் தலைக்கு மேலே ஒரு மஞ்சள் பல்பு எரிந்துகொண்டே வரும். அந்தச் சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு நீங்கள் யாரோடும் பேச மாட்டீர்கள்.

வீட்டில் படிக்கலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். "வீட்டுல உக்காந்தா அரிசி எங்க, சட்டை எங்கன்னு ஆளுக்கு ஒரு கேள்வி. வண்டியிலதான் ஈசு நான் யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்றீர்கள். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. நான் ஏறின உடனே வாயைத் திறந்து தூங்குகிறவள்.

பிறகு புது வண்டி வந்தது. உள்ளே விளக்கு இருந்தது, ஆனால் டிரைவர் கருப்பசாமி அதைப் போட மாட்டார். உள்ளே வெளிச்சம் இருந்தால் ரோடு தெரியவில்லை என்பார். அது நியாயம்தான், இருபது உயிர் அவர் கையில் இருக்கிறது. உங்கள் கண்ணுக்கும் அப்போது வயசாகிவிட்டது, மாத நாவலின் பொடி எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றீர்கள். படிப்பு நின்றது. நீங்களும் மற்றவர்களைப்போல் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்க ஆரம்பித்தீர்கள்.

உங்கள் மகள் தேவிக்கு அது பொறுக்கவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவள், லீவுக்கு வரும்போது இரண்டு கருவிகளைக் கொண்டுவந்தாள். புத்தகம் படிப்பதற்கென்றே உள்ளது, போன் பேச முடியாது, படம் பார்க்க முடியாது. எழுத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளலாம். பார்த்தவுடன் நீங்கள் "சிலேட்டு மாதிரி இருக்கே" என்றீர்கள். அன்றிலிருந்து அது நமக்குச் சிலேட்டுதான்.

இரண்டில் ஒன்று தேவியுடையது, உள்ளேயே விளக்கு உள்ளது. இன்னொன்று அவளோடு வேலை பார்க்கிற பெண்ணுடையது, விளக்கு இல்லாதது. "பாத்து எது வேணும்னு சொல்லும்மா, அதையே புதுசா வாங்கித் தாரேன்" என்றாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில். முற்றத்தில் துவைத்த துணிக்குப் பக்கத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். நீங்கள் விளக்குள்ளதைக் கையில் எடுத்து, "இது இருக்கட்டுமே, வண்டி இருட்டா இருக்குமுல்ல" என்றீர்கள். நான் விட்டேனா? பிடுங்கி வெயிலில் காட்டினேன். "லைட்ட போட்டுப் பாருங்க, அமத்திப் பாருங்க. ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதா மதினி? ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு" என்றேன். உண்மைதான், அந்த வெயிலில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கண் முகாமில் டாக்டர் என்னை இருட்டில் போன் பார்க்காதே என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து நான் அரை வைத்தியராகிவிட்டேன். லைட் கண்ணைக் கெடுக்கும், சார்ஜைத் தின்னும், விலையும் கூட என்று அடுக்கினேன். தேவி என்னவோ விளக்க வந்தாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ இரு" என்று அவள் வாயையும் அடைத்தேன். "வண்டியில இருட்டுன்னா போன்ல டார்ச் அடிச்சுக்கிடலாம்" என்று முடித்துவைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது யோசித்தால் காரணம் தெரிகிறது. நம் வேலையில் விளக்கு என்பதே ஆகாத பொருள். மருந்து புழங்குகிற ரூமுக்குள் பல்பு கிடையாது, வயர் கிடையாது. கேட்டில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். கதவும் ஜன்னலும் திறந்து சூரியன் கொடுக்கிற வெளிச்சத்தில்தான் வேலை. இத்தனை வருஷம் அதில் உட்கார்ந்த எனக்கு, சூரிய வெளிச்சம் ஒன்றுதான் நல்ல வெளிச்சம் என்று மண்டையில் ஏறிவிட்டது. வேறு எந்த ஊரில் இருந்திருந்தாலும் இந்தத் தப்பை நான் செய்திருக்க மாட்டேன். அந்த நல்ல வெளிச்சம் இருக்கிற நேரமெல்லாம் நாம் கம்பெனிக்குள் இருக்கிறோம் என்பது மட்டும் எனக்கு அன்று உறைக்கவில்லை.

விளக்கில்லாத புதுச் சிலேட்டு வந்தது. திங்கட்கிழமை அதை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் வண்டியில் உட்கார்ந்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. வண்டி நகர்ந்தது. பார்த்தால் சிலேட்டு எது, சேலை எது என்றே தெரியவில்லை. நான் சொன்னபடி போன் டார்ச்சை அடித்தீர்கள். முன்னாலிருந்து கருப்பசாமி சத்தம் போட்டார்: "யக்கா, அத அமத்துங்க. கண்ணாடில பட்டு எங்கண்ணுல அடிக்குது." தூங்கிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் வேறு முழித்து ஏசினாள்.

அடுத்து, மேலே மாட்டிக்கொள்கிற குட்டி விளக்கு ஒன்றைத் தேவி அனுப்பினாள். அது வேகத்தடையில் துள்ளிக் கழன்று பஞ்சவர்ணம் தலையிலேயே போய் விழுந்தது. வண்டியே சிரித்தது. நீங்களும் சிரித்துக்கொண்டே சிலேட்டைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தீர்கள். அதன் பிறகு அதை வண்டியில் வெளியே எடுக்கவே இல்லை.

"எப்படி மதினி இருக்கு சிலேட்டு?" என்று நான் வெட்கமில்லாமல் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு ஈசு. ஞாயித்துக்கிழமைக்கு" என்றீர்கள். அம்புட்டுதான். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி, ரேஷன், கல்யாண வீடு, காதுகுத்து வீடு. அதற்கு நடுவில் எத்தனை பக்கம் படித்திருப்பீர்கள்?

எத்தனை என்று எனக்குத் தெரியும். பத்து மாதத்தில் ஒரு நாவல் முழுசாக, இன்னொன்றில் பாதி. அந்தப் பாதியில்தான் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு தேவி அந்தச் சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, அம்மா இதுல நெறைய படிச்சுச்சா?" என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "நெறைய படிச்சாக தாயி. வண்டியில ஏறுனா இறங்குற வரைக்கும் படிப்புதான்" என்றேன். மதினி, நான் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எந்தப் பொய்யும் இப்படிக் கூடவே வந்ததில்லை.

இனி நீங்கள் போன பிறகு நடந்தது.

தேவியும் அவள் ஆஸ்பத்திரித் தோழிகளும் சேர்ந்து, உங்கள் பேரில் நம் நூலகத்துக்கு ஆறு சிலேட்டு கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். கம்பெனிக்குப் போகிற பெண்கள் எடுத்துப் படிக்கட்டும் என்பது அவள் ஆசை. எந்த மாதிரி வாங்குவது என்று தீர்மானிக்கிற பொறுப்பை நூலகத்து வாசகர் வட்டத்திடம் விட்டாள். வட்டத்துக்குத் தலைவர் ஞானராஜ் சார். ரிட்டயர்டு தலைமையாசிரியர், நல்ல மனுஷன், பேச ஆரம்பித்தால் மணி அடித்தால்தான் நிறுத்துவார்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு. தேவியும் வந்திருந்தாள். சார் எங்கோ சொல்லிவைத்து, மாதிரிக்கு ஒரு சிலேட்டு வாங்கி வந்திருந்தார். விளக்கு இல்லாதது. நூலக வாசலில் வெயிலில் நின்றுகொண்டு, உள்ளே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் காட்டினார்.

"பாருங்க, அச்சடிச்ச பேப்பர் மாதிரியே இருக்கு. இதுல லைட் எதுக்கு? லைட் கண்ணக் கெடுக்கும், சார்ஜ சாப்பிடும். மனுஷக் கண்ணு சூரிய வெளிச்சத்துக்குத்தான் படைக்கப்பட்டது" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை, அதே வெயில், அதே பேச்சு. நான் உங்களிடம் பேசியதை அவர் ஒரு வார்த்தை பிசகாமல் பேசிக்கொண்டிருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் தீர்மானம் எழுதிவிடுவார்கள். அந்த ஆறு சிலேட்டும் உங்கள் பேரை ஒட்டிக்கொண்டு நூலக அலமாரியில் பூட்டிக் கிடக்கும். பகலில் நூலகத்துக்கு வருகிற நான்கு பேர் தொட்டுப் பார்த்துவிட்டு வைப்பார்கள். வண்டிக்கு ஒன்றுகூட வராது.

எழுந்து பேச வேண்டும். பேசினால் தேவி முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ரேஷன் கடையில் நான் போடுகிற சத்தம் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும் என்று கேலி செய்வீர்களே, அன்றைக்குக் குரலே வரவில்லை.

"சார், லைட் இல்லாதது வேணாம்" என்றேன்.

"ஏம்மா ஈஸ்வரி?"

"எங்க மதினிக்கு அதத்தான் வாங்குனோம். நான்தான் வாங்க வச்சேன். இதே மாதிரி வெயில்ல வச்சுப் பாத்துட்டு, இதே மாதிரி பேசித்தான் வாங்க வச்சேன். அவுகளுக்குப் படிக்கக் கெடைச்சதே விடியுமுன்ன வண்டியில போற நேரம். அதுல இது தெரியல. பத்து மாசத்துல ஒண்ணரைக் கதைதான் படிச்சாக. அதோட போயிட்டாக."

நான் தேவியைப் பார்த்தேன். "நெறைய படிச்சாகன்னு உங்கிட்ட சொன்னது பொய் தாயி" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

தேவி கோபப்படவில்லை. "எனக்குத் தெரியும் அத்தை" என்றாள். "எம்புட்டு படிச்சிருக்குன்னு அந்த சிலேட்டே காட்டும். உங்ககிட்ட கேட்ட அன்னைக்கு ராத்திரியே பாத்துட்டேன். 'அத்தையத் திட்டாத, ஆசையாத்தான் சொன்னா, வெளிச்சம்தான் அவளுக்கு மறந்துபோச்சு'ன்னு அம்மாவே எங்கிட்ட போன்ல சொல்லியிருந்துச்சு."

நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். காட்டியும் கொடுத்திருக்கிறீர்கள், காப்பாற்றியும் வைத்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் அழுதேன் மதினி. கூட்டத்தில் அழுகிற பெண்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது, நானே அழுதேன்.

ஆனால் ஞானராஜ் சார் லேசில் விடுகிறவரா? அழுகைக்கு மரியாதை கொடுத்துச் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, "அது சரிம்மா, வருத்தமாத்தான் இருக்கு. ஆனாலும் பகல்ல நேரம் ஒதுக்கிப் படிக்கிறதுதான் நல்ல பழக்கம்" என்றார்.

அதைக் கேட்டதும் என் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. "பகல் கையில இருக்கவுகளுக்கு லைட் வேணாம் சார். நீங்க ரிட்டயர்டு, உங்களுக்கு வேணாம். எங்க பகல் கம்பெனியில இருக்கு. நாங்க போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. எங்களுக்குன்னு மிச்சம் இருக்கிறதே அந்த இருட்டுதான்" என்றேன்.

விளக்கு கண்ணைக் கெடுக்காதா என்று கேட்டார். அன்றைக்கு நான் வாயை அடைத்த தேவி இப்போது எழுந்து விளக்கினாள். போனில் வெளிச்சம் பின்னாலிருந்து நேராகக் கண்ணுக்கு வருகிறது. இதில் ஓரத்தில் பொடிப் பொடி பல்புகள், அந்த வெளிச்சம் பக்கத்தின் மேல்தான் விழுகிறது, மேசை விளக்கு வைத்துப் படிப்பதுபோல. கூட்டலாம், குறைக்கலாம், பகலில் அமர்த்திவிட்டால் விளக்கில்லாததற்கும் இதற்கும் வித்தியாசமே கிடையாது. சார்ஜ் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான், போன் மாதிரித் தினமும் போட வேண்டியதில்லை. இதையெல்லாம் அவள் அன்றைக்கே சொல்ல வந்திருக்கிறாள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது எனக்காகவே சொன்னதுபோல் இருந்தது.

சார் அப்போதும் தாடையைத் தடவினார். நான், "நாளைக்கு எங்க வண்டியில வாங்க சார். உங்க சிலேட்டையும் கொண்டாங்க. படிச்சுக் காட்டிட்டீகன்னா நான் வாயத் தொறக்கல" என்றேன்.

வருவார் என்று யார் நினைத்தது? ஐந்து இருபதுக்கு அம்மன் கோயில் முக்கில் மப்ளர் கட்டிக்கொண்டு நிற்கிறார். வெம்பக்கோட்டையில் இறங்கி டவுன் பஸ்ஸில் திரும்பிவிடுவதாகக் கருப்பசாமியிடம் பேசியும் வைத்திருக்கிறார். ஏறினதும் பஞ்சவர்ணம், "என்ன சார், பெட்டி ஒட்ட வாரீகளா, ஆளு பத்தல" என்றாள். "எனக்கு ஒட்டத் தெரியாதேம்மா" என்று சிரித்துக்கொண்டே ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. சார் சிலேட்டைத் திறந்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். எதிரே ஒரு லாரி வந்தது, அதன் வெளிச்சத்தில் இரண்டு வரி படித்தார். லாரி போய்விட்டது. அடுத்த லாரிக்காகக் காத்திருந்தார். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டேன்.

கடைசியில் அவரும் போன் டார்ச்சை எடுத்தார். "யாருய்யா அது டார்ச் அடிக்கிறது" என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தையே அதட்டின மனுஷன் பதறிப்போய் அமர்த்தினார்.

அப்போது நான் தேவியின் சிலேட்டை எடுத்தேன். இதற்காகவே அவள் விட்டுப் போனது. அவள் சொல்லிக்கொடுத்தபடி வெளிச்சத்தைக் குறைத்து, இரண்டே இரண்டு கோட்டில் நிறுத்தினேன். எழுத்து கன்றுக்குட்டி அளவுக்குப் பெரிசாக, தெளிவாக நின்றது. வெளிச்சம் மடியைத் தாண்டவில்லை. பக்கத்தில் தூங்குகிற பஞ்சவர்ணம் அசையக்கூட இல்லை.

"கருப்பசாமி, இப்ப கண்ணாடில அடிக்குதா?" என்று கேட்டேன்.

"எது?" என்றார் கருப்பசாமி.

அந்த ஒரு "எது" போதும் மதினி. அதைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

சார் என் கையிலிருந்து சிலேட்டை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். பக்கம் மேல் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார், என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெம்பக்கோட்டையில் கருப்பசாமி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் இறங்கினார். இறங்கிப் படியில் நின்றுகொண்டு, "ஆறும் லைட் உள்ளதே வாங்குவோம் ஈஸ்வரி. தீர்மானத்த நானே எழுதுறேன்" என்றார். சொன்னபடி எழுதினார்.

இப்போது ஆறு சிலேட்டும் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் அடுத்த ஞாயிறு திருப்ப வேண்டும், சில பேர் திருப்புவதில்லை, விஜயா மேடம் வீட்டுக்கே வந்து ஏசுகிறார். கேட்டில் வாட்ச்மேனுக்கு முதலில் சந்தேகம், இது போனா இல்லையா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எதுவானாலும் உள்ளே விட முடியாது என்று போன் பெட்டிக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு தட்டு அடித்துவைத்தார். அது சரிதான், உள்ளே ஆகாத பொருள் உள்ளே ஆகாதுதான். சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொண்டு ஏறுகிறோம்.

நானா? நானும் படிக்கிறேன். வாயைத் திறந்து தூங்கினவள் இப்போது நான்காவது நாவலில் இருக்கிறேன். நீங்கள் ஏன் அந்தச் சீட்டுக்காகப் பேசாமல் இருந்தீர்கள் என்று இப்போது விளங்குகிறது. அந்த முக்கால் மணி நேரம் நானும் யாருக்கும் ஒன்றும் இல்லை. இவ்வளவு நல்ல இடத்தில் பத்து மாதம் உங்களை இருட்டில் உட்கார வைத்தேனே, அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உயிரோடு இருந்தபோது கேட்டிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

போன புதன்கிழமை நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஆறு சிலேட்டு இருபது பேருக்குப் பத்துமா? அதனால் பஞ்சவர்ணம், ஆமாம், அதே பஞ்சவர்ணம்தான், சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். கதையில் ஒரு பெண்ணைக் கட்டாயக் கல்யாணத்துக்கு அலங்கரித்துக்கொண்டிருக்கிறார்கள், அவள் பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போவாளா மாட்டாளா என்று இருக்கும்போது கம்பெனி கேட் வந்துவிட்டது.

யாரும் எழுந்திருக்கவில்லை. பஞ்சவர்ணமும் நிறுத்தவில்லை. கருப்பசாமி என்ஜினை அமர்த்திவிட்டு ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் வந்து வண்டியைத் தட்டி, "என்ன, யாரும் இறங்கலையா?" என்றார்.

கருப்பசாமி திரும்பிக்கூடப் பார்க்காமல், "செத்த இருங்க. ரெண்டு பக்கம்தான் இருக்கு" என்றார்.

இத்தனை வருஷத்தில் வண்டிக்காக நாம் நின்றிருக்கிறோம், வண்டிக்காக ஓடியிருக்கிறோம். வண்டி நமக்காக நின்றது அன்றைக்குத்தான். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது, இருபது பெண்களும் அசையாமல் உட்கார்ந்து கேட்டோம். அந்தப் பெண் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள் மதினி. வண்டியே கைதட்டியது.

கடைசியாக ஒரு வாக்கு. நூலகத்தை இப்போது நாம் திரும்பி வருவதற்குள் பூட்டிவிடுகிறார்கள். அதையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. நம் வண்டி ஊருக்குள் நுழைகிற நேரத்துக்கு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று மனு எழுதி, வண்டியில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஞானராஜ் சாரே முதல் கையெழுத்துப் போட்டார். எத்தனை ஆபீஸ் படி ஏற வேண்டுமானாலும் ஏறுவேன், திறக்கிற வரைக்கும் விட மாட்டேன். என் பிடிவாதம் எப்படிப்பட்டது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

உங்களிடம் தோற்று, உங்களுக்காக ஜெயித்த நாத்தனார்,
ஈசு